மனிதனே இல்லாத காலத்தில் பனியுகம் வந்ததே, அது எப்படி?

கேள்வி: திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். காலநிலை மாற்றம் நடத்தும்போது ஒரு மாணவன், "மனுஷனே இல்லாதப்ப பனியுகம் வந்து போச்சே டீச்சர், அப்ப யாரு வண்டி ஓட்டுனா?" என்று கேட்டான். சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பழங்காலத் தட்பவெப்பம் நமக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகளுக்கு நேரில் காட்ட ஏதாவது உண்டா?

பதில்: பையன் நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். அவன் சொன்னது உண்மை என்று வகுப்பிலேயே ஒப்புக்கொண்டு தொடங்குங்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் கீழே கிடந்தது. பாக் நீரிணை அப்போது வறண்ட தரை. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். அப்போது மனிதர்கள் இருந்தார்கள்தான், ஆனால் அதற்கு எந்த மனிதனும் காரணமில்லை.

ஆனால் போன தடவை வந்த காய்ச்சல் மலேரியா என்பதால், இந்தத் தடவை டெங்கு இல்லை என்று ஆகிவிடாது. காரணத்தை ஒவ்வொரு முறையும் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். இயற்கைக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, "இப்போது நடப்பதற்கு இது பொருந்துகிறதா?" என்று பிள்ளைகளையே கேட்கவிடுங்கள்.

பனியுகங்களை வரவழைத்தது பூமியின் சுற்றுப்பாதை. பூமியின் அச்சு 22.1 முதல் 24.5 டிகிரி வரை சாய்ந்து நிமிர ஏறத்தாழ 41,000 ஆண்டுகள் ஆகும். பாதையின் வடிவமும் சுமார் ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை மாறி வருகிறது. வடதுருவப் பக்கம் கோடை வெயில் குறைந்தால், குளிர்காலத்தில் விழுந்த பனி உருகாமல் தங்கி ஆண்டுக்காண்டு சேரும். இந்தக் கணக்குப்படி கடந்த 10,000 ஆண்டுகளாக அங்கே கோடை வெயில் மெல்லக் குறைந்துதான் வருகிறது. அதாவது, சுற்றுப்பாதை மட்டும் காரணமென்றால் பூமி இப்போது குளிர வேண்டும்.

வேகத்தையும் கணக்குப் போடச் சொல்லுங்கள். பனியுகம் முடிந்து பூமி 5, 6 டிகிரி சூடாகச் சுமார் 10,000 ஆண்டுகள் பிடித்தன. இப்போதோ 150 ஆண்டுக்குள் 1.1 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. வகுத்துப் பார்த்தால் பத்து மடங்குக்கும் கூடுதல் வேகம்.

அப்புறம் சூரியன். கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் சூரியப் புள்ளிகளைப் படமெடுத்து வருகிறார்கள். புள்ளிகள் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும். அதனால் சூரிய ஆற்றலில் வரும் மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். 1978 முதல் செயற்கைக்கோள்கள் நேரடியாக அளக்கின்றன. அதில் ஏறுமுகமே இல்லை. இதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு: சூரியன் சூடேற்றினால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். ஆனால் கீழடுக்கு சூடாக, மேலே உள்ள ஸ்ட்ரேட்டோஸ்பியர் குளிர்ந்து வருகிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் நடக்கும்.

எரிமலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1991இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ வெடித்தபோது உலகம் அரை டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது, இரண்டு மூன்று ஆண்டில் பழைய நிலைக்குத் திரும்பியது. எரிமலைகள் ஓராண்டில் விடும் கரியமில வாயு, நாம் விடுவதில் சுமார் நூறில் ஒரு பங்கு.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? எனக்கு மிகவும் பிடித்த சான்று அண்டார்க்டிகாவின் பனி. டோம் சி என்ற இடத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே துளைத்துப் பனித்தண்டுகளை எடுத்தார்கள். அடியில் இருப்பது 8 லட்சம் ஆண்டுப் பழைய பனி. பனி இறுகும்போது நடுவில் மாட்டிக்கொண்ட காற்று, குட்டிக் குமிழிகளாக அப்படியே இருக்கிறது. அந்தக் காற்றை வெளியே எடுத்து அளக்கலாம். 8 லட்சம் ஆண்டில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையில்தான் ஊசலாடியிருக்கிறது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

இதை வைத்தே வாட்ஸ்அப்பில் ஒரு வாதம் சுற்றுகிறது: "பனித்தண்டில் முதலில் வெப்பம் கூடுகிறது, பிறகுதான் வாயு கூடுகிறது, அப்படியானால் வாயு காரணமில்லை." உங்கள் வகுப்புக்கும் அது வரும். பனியுகம் முடியும்போது தொடக்கி வைத்தது சுற்றுப்பாதை. கடல் சூடானதும் அதில் கரைந்திருந்த வாயு வெளியேறியது, அந்த வாயு சூட்டை இன்னும் கூட்டியது. விளைவாக வந்ததே பிறகு காரணமாகவும் ஆனது. இப்போது கடல் வெளியேற்றும் வரை காத்திருக்காமல், நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து நாமே வாயுவைச் சேர்க்கிறோம்.

நம் ஊரிலும் சான்றுகள் இருக்கின்றன. நீலகிரிச் சதுப்புகளில் செடிகள் மக்கி இறுகிய பீட் என்ற கறுப்பு மண்ணை ஆர். சுகுமார் உள்ளிட்டோர் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். பனியுக உச்சத்தில் அங்கே வறட்சி தாங்கும் புல்லே மிகுந்திருந்தது. சுமார் 9,000 ஆண்டுக்கு முன் மழை பெருகி, ஈரம் விரும்பும் செடிகள் ஓங்கின.

உங்களுக்குப் பக்கத்திலேயே திருவக்கரை இருக்கிறதே, பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். கல்மரப் பூங்காவில் கிடப்பவை கல்லாகிப் போன, சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள். குங்கிலிய மரக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் அந்தப் பாறைகளில் கிடைத்திருக்கின்றன. அந்தக் குடும்பத்து மரங்கள் பலவற்றை இன்று மேற்குத் தொடர்ச்சி மலை போன்ற இடங்களின் மழைக்காடுகளில்தான் பார்க்க முடியும். ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: எந்த மரத்துக்கும் வேரில்லை, கிளையில்லை. ஆற்று வெள்ளம் வேறெங்கிருந்தோ உருட்டி வந்து போட்டவை. ஆகவே ஈரமான காடு இதே இடத்தில் இருந்தது என்று சொல்லக் கூடாது, வெள்ளம் வந்த வழியில் எங்கோ இருந்தது என்று மட்டுமே சொல்லலாம். எவ்வளவு சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்தக் கேள்வி கேட்ட பையனையே எழுதி வரச் சொல்லுங்கள். கல்லை மட்டும் யாரும் பையில் போட்டுக்கொண்டு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம்.