ஐங்கோணக் கல் ஏன் இல்லை?

கேள்வி: நடைபாதையில் அறுகோணக் கல் பதிக்கிறார்கள். ஒழுங்கான ஐங்கோணக் கல்லைக் காணோமே, ஏன்? (வாசகி, தேனி)

பதில்: நானே அட்டையை வெட்டி ஒட்டிப் பார்த்துத் தோற்றிருக்கிறேன், அம்மா. ஐங்கோணத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைகளுக்குக் கோடு இழுத்தால் மூன்று முக்கோணம் கிடைக்கும். 3 × 180 = 540. ஐந்தால் வகுத்தால் மூலைக்கு 108 பாகை. மூன்று கல்லின் மூலைகளை ஒரே புள்ளியில் சேர்த்தால் 324தான். சுற்றி வர 360 வேண்டுமே! மிச்சம் 36 பாகைக்குச் சந்து விழும். நாலாவது நுழையாது. அறுகோணத்துக்கு மூலை 120, மூன்று வைத்தால் கச்சிதம்.

விடாமல் அந்தச் சந்தை இழுத்து ஒட்டினேன். அட்டை கிண்ணம் மாதிரி எழும்பிவிட்டது! அப்புறம் 12 ஐங்கோணம் சேர்த்து மூடிய உருண்டைப் பெட்டியாகவே ஆக்கிவிட்டேன். இப்போது அதில் பேரனின் கோலிக்குண்டுகள் இருக்கின்றன.