வென்டிலேட்டர் வைத்தவர்கள் பிழைத்தார்களா? – கேள்வி பதில்

கொரோனா முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பல, துக்கம் ஆறாதவர்கள் எழுதியவை. அந்த நாள்களில் அந்தப் பிரிவில் நின்ற மருத்துவனாக, எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

கேள்வி: வென்டிலேட்டர் வைத்தவர்களில் நூற்றுக்கு 88 பேர் இறந்ததாக 2020இல் படித்தேன். அது உண்மைதானா, டாக்டர்?

பதில்: அந்த ஒற்றை எண் பல குடும்பங்களைக் கலங்கடித்ததை நேரில் பார்த்தவன் நான். ஆகவே விரிவாகவே சொல்கிறேன். நியூயார்க் பகுதி மருத்துவமனைகளில் சேர்ந்த 5,700 பேரைப் பற்றி 2020 ஏப்ரலில் வெளியான ஆய்வு அது. வென்டிலேட்டர் வைக்கப்பட்டவர்கள் 1,151 பேர். கணக்கை மூடிய நாளில் 282 பேர் இறந்திருந்தார்கள். 38 பேர் குணமாகிப் போயிருந்தார்கள். மற்ற 831 பேர் இன்னும் படுக்கையில் இருந்தார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு, முடிவு தெரிந்த 320 பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்டதால் வந்ததுதான் 88 சதவீதம். பிறகு அந்த ஆய்விதழ் திருத்தம் வெளியிட்டது. எண் பரவிய வேகத்தில் திருத்தம் பரவவில்லை.

இத்தாலியின் லொம்பார்டியிலும் இப்படித்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த ஏறத்தாழ 1,600 பேரில் 26 சதவீதம் பேர் இறந்திருந்தபோது, 58 சதவீதம் பேர் இன்னும் தீவிர சிகிச்சையிலேயே இருந்தார்கள். பிழைப்பவருக்குக் கருவியிலிருந்து மீளவே வாரக்கணக்காகும். அவர் எழுந்து வருவதற்குள் எண்ணி முடித்துவிட்டால், சாவு மட்டுமே கணக்கில் ஏறும்.

கேள்வி: அப்படியானால் சரியான எண் எது?

பதில்: எந்த மாதம் என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். சீனாவின் வூஹானில் முதலில் ஆராயப்பட்ட 52 தீவிர நோயாளிகளில் 32 பேர் 28 நாள்களுக்குள் இறந்தார்கள். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பு 2020 மார்ச் இறுதியில் 60 சதவீதம் அளவில் இருந்து, மே இறுதியில் 42 சதவீதம் அளவுக்கு இறங்கியிருந்தது.

கவனியுங்கள், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து இறப்பைக் குறைக்கிறது என்ற ஆய்வு முடிவு வெளிவந்தது ஜூன் 16ஆம் தேதி. அதற்கு முன்பே இறக்கம் தொடங்கிவிட்டது. நாங்கள் கற்றுக்கொண்டதும், நெரிசல் குறைந்ததும், நீண்ட நாள் கிடந்தவர்கள் மீண்டு கணக்கில் சேர்ந்ததும் காரணங்கள் என்பது என் கருத்து.

கேள்வி: ஸ்டீராய்டு உயிர் காக்கும் என்றால் காய்ச்சல் வந்ததுமே ஏன் கொடுக்கக் கூடாது?

பதில்: கூடாது. அந்த மருந்தைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் 28 நாள் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை; தீங்கின் சாயல்கூட இருந்தது. முதல் வாரத்தில் உடல் கிருமியோடு போராடுகிறது. அப்போது எதிர்ப்பாற்றலை அடக்குவது போராடுபவரின் கையைக் கட்டுவதாகும். நுரையீரலைச் சிதைக்கும் கட்டுக்கடங்காத அழற்சி பின்னால் வருவது. மருந்தின் வேலை அங்கேதான்.

கேள்வி: பிளாஸ்மாவுக்காக இரவெல்லாம் அலைந்தோம். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பாரா?

பதில்: இல்லை அம்மா. கொரோனாவிலிருந்து குணமானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் இந்தப் பிளாஸ்மாவை 11,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தும், பிளாஸ்மா கொடுத்த பிரிவுக்கும் கொடுக்காத பிரிவுக்கும் இறப்பில் வேறுபாடு இல்லை. அந்த இரவை நினைத்து உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்.

கேள்வி: நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்தது எதற்கு? (செவிலியர் மாணவி)

பதில்: நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. மல்லாந்து கிடந்தால் இதயத்தின் எடையும் வயிற்றின் அழுத்தமும் அந்தப் பகுதியை நசுக்குகின்றன. கவிழ்த்தால் அது விரிந்து காற்று வாங்கும். கொரோனாவுக்கு முன்பே, 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், கடும் நுரையீரல் செயலிழப்பு உள்ளவர்களை ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் கவிழ்த்து வைத்ததில் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. செலவில்லாத சிகிச்சை என்பார்கள், ஒத்துக்கொள்ள மாட்டேன். குழாய்கள் நழுவாமல் ஒருவரைத் திருப்ப ஐந்தாறு பேர் வேண்டும். வென்டிலேட்டர்களின் எண்ணிக்கையைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள்; அதன் பக்கத்தில் நிற்கப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா என்று கேட்டவர்கள் குறைவு. நீங்கள் படிப்பை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கண் விழித்த அம்மா, செவிலியர் தன்னைக் கொல்ல வருவதாக அலறினார். மனநோயா?

பதில்: இது மனக்குழப்ப நிலை, மூளையும் நோயில் சிக்கியதன் அடையாளம். 14 நாடுகளில் 2,000க்கும் மேற்பட்ட கொரோனா நோயாளிகளைப் பார்த்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது வந்திருந்தது. சில வகை மயக்க மருந்துகள் இதை அதிகமாக்கின. குடும்பத்தினரை நேரிலோ வீடியோவிலோ பார்த்தவர்களுக்குக் குறைவாக வந்தது. கதவைச் சாத்தி உறவுகளை வெளியே நிறுத்தினோமே, அது இன்றும் என்னை உறுத்துகிறது. அம்மாவிடம் "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று வாதாடாதீர்கள். அவர் கண்டதை முழுவதும் சொல்ல விடுங்கள். பிறகு அங்கே நாள்தோறும் நடந்ததை நிதானமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: வீடு வந்து மூன்று மாதமாகியும் மாடி ஏற முடியவில்லை. நுரையீரல் போய்விட்டதா?

பதில்: நுரையீரலைச் சோதித்துவிடுங்கள். ஆனால் குற்றவாளி பெரும்பாலும் தசை. கடும் நோயில் கிடப்பவரின் தொடைத் தசை பத்தே நாளில் ஆறில் ஒரு பங்கு கரைந்துவிடும். கொரோனாவுக்கு முந்தைய காலத்தில் நுரையீரல் செயலிழந்து பிழைத்தவர்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த கனடா ஆய்வில், நுரையீரல் ஏறக்குறைய இயல்புக்குத் திரும்பிய பிறகும் நடைத்திறன் முழுதாகத் திரும்பவில்லை. பிசியோதெரபியையும் புரதம் நிறைந்த உணவையும் விடாதீர்கள். மறதியோ தூக்கமின்மையோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வென்டிலேட்டருக்குக் கையெழுத்துப் போட்டேன். ஒன்பதாம் நாள் அப்பா இறந்தார். என் கையெழுத்துதான் அவரைக் கொன்றதா?

பதில்: இல்லை தம்பி. வென்டிலேட்டர் தீங்கே செய்யாது என்று சொல்ல மாட்டேன். காற்றை மிகையாகச் செலுத்தினால் நுரையீரல் காயப்படும்; அதனால்தான் 2000ஆம் ஆண்டு முதல் அளவைக் குறைத்துச் செலுத்துகிறோம். ஆனால் அந்த நிலைக்கு வந்தவர் மூச்சுக்குத் திணறித் திணறிக் களைத்துப்போனவர். கருவி நோயைக் குணப்படுத்துவதில்லை, அவகாசம் தருகிறது. நீங்கள் அப்பாவுக்கு ஒன்பது நாள் அவகாசம் கொடுத்தீர்கள். மருத்துவமனையில் சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதை ஒரு மருத்துவரோடு உட்கார்ந்து படியுங்கள். அருகில் யாரும் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.