கடைசி ஐந்து கார்டுகள்: சேர்த்து வாசிப்பதா, பிரித்து வாசிப்பதா?

கேள்வி: என் மகள் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இரண்டாம் செல்லோ சூட்டிலிருந்து (பல இசைப் பகுதிகள் கொண்ட தொகுப்பு) அதன் தொடக்கப் பகுதியான பிரெலூடைப் பழகிவருகிறாள். கடைசி ஐந்து பார்களில் (தாள அளவுப் பகுதிகளில்) வெறும் கார்டுகள், அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் அடுக்குகள் மட்டுமே அச்சாகியிருக்கின்றன. உள்ளபடியே வாசிக்கச் சொல்கிறார் ஆசிரியர். அவள் விரும்பிக் கேட்கும் ஒலிப்பதிவிலோ அதே கார்டுகள் ஆர்பெஜியோவாக, சுரம் சுரமாகப் பிரிந்து ஓடுகின்றன. எது சரி?

பதில்: நான் ஆசிரியர் பக்கம். ஒலிப்பதிவில் வாசித்தவரைத் தவறு என்று சொல்லவும் மாட்டேன். இரண்டுக்குமான காரணங்கள் உங்கள் மகளுக்குத் தெரிந்துவிட்டால் பாக்கின் மற்ற சிக்கலான இடங்களையும் அவளே தீர்த்துக்கொள்வாள். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஆறு செல்லோ சூட்டுகளுக்கும் பாக் தன் கையால் எழுதிய பிரதி கிடைக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிறர் பார்த்தெழுதிய நான்கு பிரதிகளே நமக்கு ஆதாரம். அவற்றுள் ஒன்று யோஹான் பீட்டர் கெல்னர் 1726 வாக்கில் எழுதியது. இன்னொன்றைப் பாக்கின் மனைவி அன்னா மக்தலேனா அதற்குச் சிறிது காலம் கழித்து எழுதினார். முதல் அச்சுப் பதிப்பு 1824இல் பாரிசில் வந்தபோது பாக் மறைந்து 74 ஆண்டுகள் ஆகியிருந்தன. 'பாக் என்ன எழுதினார்' என்று கேட்கும்போதெல்லாம் 'பார்த்தெழுதியவர் என்ன எழுதினார்' என்பதே நமக்குக் கிடைக்கும் விடை.

இனி அந்த 59 முதல் 63 வரையிலான பார்கள். பாருக்கு ஒரு கார்டு, ஒவ்வொன்றும் புள்ளியிட்ட மினிம், அதாவது பார் முழுவதும் நீளும் ஒரே ஒலி. அதுவரை செமிகுவேவர்களில் (வேகமான குறுஞ்சுரங்களில்) ஓடிவந்த இசை சட்டென்று நிற்கிறது. பிரெலூட் என்பது மனோதர்மமாக விரல் போன போக்கில் வாசிப்பதிலிருந்து வளர்ந்த வடிவம். கார்டுகளை மட்டும் எழுதிவிட்டு, அவற்றை எப்படிப் பிரிப்பது என்பதை வாசிப்பவர் கையில் விடுவது அந்தக் காலத்தில் வழக்கமாகவே இருந்தது. ஆர்பெஜியோ வாசிப்பவர்கள் இதைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். அது வலுவான வாதம்தான்.

ஆனால் பாக் தனக்கு ஆர்பெஜியோ வேண்டுமென்றால் என்ன செய்தார் என்று பாருங்கள். தனி வயலினுக்கான ஆறு படைப்புகளையும் 1720இல் அவரே கைப்பட எழுதிய பிரதி நம்மிடம் இருக்கிறது. அதில் இரண்டாம் பார்ட்டிட்டா என்ற தொகுப்பின் சாக்கோன் பகுதியில் 89ஆம் பாரிலும் 201ஆம் பாரிலும் கார்டுகளை அடுக்கிவிட்டு 'ஆர்பெஜியோ' என்ற சொல்லையும் எழுதினார். மை மிச்சப்படுத்தினார், சொல்லை மிச்சப்படுத்தவில்லை. முதல் செல்லோ சூட்டின் பிரெலூடையும் திறந்து பாருங்கள். பெரும்பாலும் பிரித்த கார்டுகளாலேயே ஆன அந்த இசையில் ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாம் சூட்டின் இந்த இடத்தில் சொல்லும் இல்லை, மாதிரியாகப் பிரித்து எழுதிய ஒரு பாரும் இல்லை.

'பார்த்தெழுதியவர் அந்தச் சொல்லை விட்டிருக்கலாமே' என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வழி அது. வயலின் படைப்புகளையும் அன்னா மக்தலேனா பிரதியெடுத்திருக்கிறார். பாக்கின் கையெழுத்துப் பிரதியை அதன் அருகில் வைத்தால் அன்னாவின் பழக்கங்கள் வெளிப்பட்டுவிடும். நோட்டுகளில் அவர் கவனமானவர். பல நோட்டுகளை ஒரே வில்வீச்சில் இணைக்கும் ஸ்லர் கோடுகளில்தான் கை தளர்கிறது: எந்த நோட்டில் தொடங்கி எதில் முடிகிறது என்று தெரியாதபடி கோடு இடம் நகர்ந்து விழுகிறது. ஆகவே செல்லோ சூட்டுகளில் ஸ்லர்களைப் பற்றி உங்கள் மகள் தாராளமாகச் சந்தேகப்படலாம், ஒரே மாதிரி வரும் பார்களை ஒப்பிட்டு அவளே முடிவெடுக்கலாம். இந்த ஐந்து கார்டுகளை அந்த அளவுக்குச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை.

காதும் இதையே சொல்கிறது. 48ஆம் பாரிலும் ஓட்டம் ஒருமுறை அறுந்து மௌனம் விழுகிறது, பிறகு மெல்ல எழுந்து மீண்டும் ஓடுகிறது. முடிவில் வரும் கார்டுகள் அந்த மௌனத்துக்குப் பதில் சொல்வதுபோல் எனக்குக் கேட்கின்றன. அங்கே மறுபடியும் செமிகுவேவர்கள் ஓடினால் அந்தப் பதில் காதில் விழுவதில்லை.

சேர்த்து வாசிப்பது என்றால் எல்லாத் தந்திகளையும் ஒரே அடியில் அழுத்துவது என்று பொருளில்லை. செல்லோவில் தந்திகளைத் தாங்கும் பாலம் வளைந்தது, வில்லால் நான்கு தந்திகளை ஒன்றாகப் பிடித்து நிறுத்த முடியாது. கீழ்ச் சுரத்தைத் தாளத்தின் மீதே வைத்து, வில்லை அவசரமின்றி மேலே உருட்டி, உச்சிச் சுரத்தைப் பார் முடியும்வரை தாங்க வேண்டும். முதல் வாரம் ஐந்து கார்டுகளின் கீழ்ச் சுரங்களை மட்டும் ஒரு வரியாக வாசிக்கட்டும். அடுத்து உச்சிச் சுரங்களை மட்டும் வாய்விட்டுப் பாடட்டும். இரண்டும் மனத்தில் பதிந்தபின் கார்டுகளுக்கு வரட்டும். பெரும்பாலான மாணவர்கள் இந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். அது வேண்டாம், வில்லின் வேகத்தைக் குறைத்தாலே ஒலி நீடித்து நிற்கும்.

ஆர்பெஜியோதான் அவள் மனத்துக்குப் பிடித்திருக்கிறது என்றால், ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு அதையும் முயலட்டும். பிரிக்கும் முறையை அதே பிரெலூடின் அசைவிலிருந்து எடுக்க வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது, கடைசிப் பாரையாவது கார்டாகவே விட வேண்டும்.

இன்னொன்று: உங்களிடம் உள்ள புத்தகத்தில் அந்தக் கார்டுகளுக்கு மேல் சிறிய எழுத்தில் ஆர்பெஜியோ அச்சாகியிருந்தால் அது பதிப்பாசிரியரின் யோசனை. அன்னா மக்தலேனாவின் பிரதி பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. அதன் பக்கங்களைப் பாக் டிஜிட்டல் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். இன்று மாலையே மகளோடு உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து, ஐந்து கார்டுகளையும் அவர் கையெழுத்திலேயே காட்டுங்கள்.