காலி செய்த வீட்டுக்கு 26 மாத மின்கட்டணம்: பணத்தை யாரிடம் கேட்பது?

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் பாயான் பாருவுக்கு வந்துவிட்டோம். பழைய வீட்டின் மின்கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. மாதம் 5ஆம் தேதி 180 வெள்ளி (ரிங்கிட்) தானாகப் போகும்படி என் வங்கிக் கணக்கில் ஸ்டேண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டிருந்தேன். அதை நிறுத்த மறந்துவிட்டேன். நாங்கள் வந்த பிறகு 26 தடவை, 4,680 வெள்ளி போயிருக்கிறது. அதில் நாங்கள் இருந்த கடைசி மாத பில் 112 வெள்ளி. வங்கி கைவிரிக்கிறது. மின்சாரம் தரும் தெனாகா நிறுவனத்தின் முகப்பில், கணக்கு உங்கள் பெயரில் இல்லையே என்கிறார்கள். வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது: "ஆமாம்மா, இன்னும் 1,940 கிரெடிட் காட்டுது. ரெண்டு வருஷமா நான் பில்லே கட்டல. ஆனா காசு தெனாகாகிட்டதானே போச்சு, என்கிட்ட கேட்டா எப்படி?" மறந்தது என் தப்புதான். பணம் போனது போனதுதானா?

பதில்: போகவில்லை. நீங்கள் மறந்தது உங்கள் உரிமையைக் கெடுக்காது. இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பலர் "என் தப்புதானே" என்று வெட்கப்பட்டு இந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, தவறுதலாகச் செலுத்தப்பட்ட பணத்தைப் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. கொடுத்தவர் கவனமாக இருந்தாரா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. கவனக்குறைவு ஒரு தடையல்ல என்று இங்கிலாந்தில் 1841லேயே கெல்லி எதிர் சொலாரி வழக்கில் சொல்லியாகிவிட்டது. ஒருவர் காரணமில்லாமல் இன்னொருவர் செலவில் ஆதாயம் அடைந்தால் அதைத் திருப்பிக் கேட்பது தனி வழக்குரிமை என்று நமது கூட்டரசு நீதிமன்றம் 2015இல் டிரீம் பிராப்பர்ட்டி எதிர் அட்லஸ் ஹவுசிங் வழக்கில் ஏற்றுக்கொண்டது. உங்கள் வழக்கு இந்த இரண்டு தூண்களின் மேல் நிற்கும்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் உங்களை அலைக்கழிக்கிறார்கள். வங்கியை விட்டுவிடுங்கள். நீங்கள் கொடுத்த உத்தரவை அது நிறைவேற்றியது, அவ்வளவுதான். நீங்கள் ரத்து செய்த பிறகும் பணம் பிடித்திருந்தால் கதை வேறு: வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்து, இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மேன் சேவைக்குப் போகலாம். உங்களுக்கு அது பொருந்தாது.

தெனாகாவிடமும் முழுத்தொகையைக் கேட்க முடியாது. அந்த வீட்டுக்கு அது மின்சாரம் கொடுத்தது, அதற்குரிய பணத்தை எடுத்துக்கொண்டது. அந்த பில்களைக் கட்டும் கடமை கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. அதாவது உங்கள் பணம் தீர்த்து வைத்தது வீட்டுக்காரரின் கடனை. "தெனாகாகிட்டதானே போச்சு" என்று அவர் சொல்வதற்குப் பதில் இதுதான்: போனது அங்கே, மிச்சமானது உங்களுக்கு.

கணக்கை இப்படிப் போடுங்கள். 4,680இல் 112 வெள்ளி நீங்கள் பயன்படுத்திய மின்சாரம், அதைக் கழித்துவிடுங்கள். கழிக்காமல் கேட்டால் முதல் நாளே உங்கள் நேர்மையைச் சந்தேகிக்க இடம் கொடுப்பீர்கள். ஆனால் வீட்டைக் கொடுக்கும்போது அந்தக் கடைசி பில்லை அவர் யூட்டிலிட்டி டெப்பாசிட்டிலிருந்து (மின்சார, தண்ணீர்க் கட்டணத்துக்கான முன்பணம்) ஏற்கெனவே பிடித்துக்கொண்டாரா என்று பாருங்கள். பிடித்திருந்தால் கழிக்கத் தேவையில்லை. கழித்தால் மிச்சம் 4,568 வெள்ளி. அதில் 1,940 கிரெடிட்டாக அப்படியே கிடக்கிறது. 2,628 வெள்ளி, வேறு யாரோ எரித்த மின்சாரத்துக்குப் போய்விட்டது.

அந்த 1,940தான் அவசரம். அடுத்தடுத்த பில் வரவர அது கரைந்துகொண்டே போகும். இன்றைக்கே ஸ்டேண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனை வங்கியின் இணையப் பக்கத்தில் ரத்து செய்யுங்கள். தெனாகாவின் மைடிஎன்பி செயலியிலிருந்து பழைய கணக்கை நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். உத்தரவு வங்கியில் இருக்கிறது, செயலியில் இல்லை. பணம் பிடிக்கும் நாளுக்கு ஒரு வேலைநாளாவது முன்பாகச் செய்யுங்கள், ரத்தான பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். பிறகு வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் கேளுங்கள்: அவர் பெயர், அடையாள அட்டை எண், 12 இலக்க மின்கணக்கு எண், இந்த இருப்பு தவறுதலாக வந்தது, இதைத் திருப்பித் தரவோ உங்கள் பாயான் பாரு கணக்குக்கு மாற்றவோ தமக்குச் சம்மதம் என்று ஒரு வரி, கையெழுத்து. முடிந்தால் அவரையே கெடாய் தெனாகா என்னும் தெனாகா முகப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இன்னொருவர் கணக்கின் விவரத்தை உங்களிடம் காட்ட முகப்பில் தயங்குவது நியாயமே. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களையும் கட்டுப்படுத்துகிறது. அவர் பக்கத்தில் நின்றால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

இப்போது அந்த 2,628. அங்கே குடியிருக்கும் குடும்பத்திடம் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: மின்சாரத்துக்கு வீட்டுக்காரரிடம் பணம் கொடுக்கிறீர்களா? கொடுத்திருந்தால் அவர் அவர்களிடமும் வாங்கி, உங்கள் பணத்திலும் பில்லைத் தீர்த்திருக்கிறார். உங்கள் வழக்கு இரும்பு போல ஆகிவிடும். கொடுக்கவில்லை என்றால், "ஆதாயம் எனக்கில்லை, குடியிருந்தவருக்கு" என்று அவர் வாதாடுவார். அப்போதும் பில் அவர் பெயரில்தான் வந்தது. குடியிருப்பவரை இரண்டாம் பிரதிவாதியாகச் சேர்க்கலாம், ஆனால் விவரம் தெரியாத ஒரு குடும்பத்தை நீதிமன்றத்துக்கு இழுக்க அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது கோரிக்கைக் கடிதம். மலாயில் எழுதுங்கள், நீதிமன்ற ஆவணங்கள் தேசிய மொழியில்தான் போக வேண்டும், பிறகு மொழிபெயர்க்கும் வேலை மிச்சம். ஒரு பக்கம் போதும்: வீட்டைக் கொடுத்த தேதி, 26 கட்டணங்களின் பட்டியல், 112 கழித்த கணக்கு, 73ஆம் பிரிவு, 14 நாள் கெடு, உங்கள் வங்கிக் கணக்கு எண். ஒன்று கவனம்: இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களின் தலையில் "வித்தவுட் பிரெஜுடிஸ்" என்று இருக்கும். அதைப் போடாதீர்கள். அந்தச் சொல் சமரசப் பேச்சுக்கானது. அப்படித் தலைப்பிட்ட கடிதத்தைப் பிறகு சாட்சியமாகக் காட்டப் போனால் எதிர்ப்பு வரும். உங்கள் கோரிக்கைக் கடிதமோ நீதிபதியின் மேசைக்குப் போக வேண்டிய ஒன்று. ஏஆர் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் கையெழுத்தாகித் திரும்பும் அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்.

அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். "நான் பில்லே கட்டல" என்று அவர் எழுதியது 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டப்படி ஓர் ஒப்புதல். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிப் படம் பிடிக்காமல், அவர் எண்ணும் தேதியும் தெரியும்படி முன்னும் பின்னும் உள்ள செய்திகளோடு எடுத்து, அச்சிட்டு வையுங்கள். கைப்பேசியையும் மாற்றாதீர்கள்.

14 நாளில் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறை. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 93ஆம் கட்டளை. உச்சவரம்பு 5,000 வெள்ளி. உங்கள் 4,568 அதற்குள் அடங்குகிறது. இருபக்கமும் வழக்கறிஞர் வைக்க முடியாது, அதனால் என்னைப் போன்றவர்களுக்குக் கட்டணம் தர வேண்டிய தேவையும் இல்லை. படிவத்தை ஜார்ஜ்டவுன் லைட் சாலை நீதிமன்றப் பதிவகத்தில் வாங்கி நிரப்பி, அவருக்குச் சார்வு செய்ய (முறைப்படி சேர்ப்பிக்க) வேண்டும். அவர் 14 நாளுக்குள் எதிர்வாதம் தாக்கல் செய்யாவிட்டால் அவர் இல்லாமலே தீர்ப்புக் கேட்கலாம். இந்த வகைக் கோரிக்கைக்குக் காலவரம்பு ஆறு ஆண்டு. தவறுதலாகச் செலுத்திய பணமென்றால் 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தவறு தெரிய வந்த நாளிலிருந்தோ கவனித்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ கணக்கிடச் சொல்கிறது. ஆக, காலம் உங்களுக்கு இருக்கிறது.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா என்று சிலர் சொல்வார்கள். அங்கே 50,000 வெள்ளி வரை கேட்கலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், ஆனால் அது பயனீட்டாளருக்கும் விற்பவருக்கும் இடையிலான தகராறுக்கானது. உங்கள் வீட்டுக்காரர் உங்களுக்கு மின்சாரம் விற்கவில்லை. தம் பெயரிலுள்ள கணக்கிலேயே கூடுதலாகப் பிடித்தம் ஆனவர்களுக்கு, உதாரணமாக மீட்டரைப் பார்க்காமல் போட்ட மதிப்பீட்டு பில் தானாகப் பிடிக்கப்பட்டு, கேட்டும் சரிசெய்யாமல் இழுத்தடிக்கப்பட்டவர்களுக்கு, அது நல்ல வழி. மின்சாரமும் அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு பொருள்தான். அவர்கள் மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், மீட்டர் எண்ணைத் தேதியோடு படம் பிடித்திருக்க வேண்டும்.

விசாரணைக்குக் கொண்டுபோக வேண்டியவற்றில் மற்ற எதையும்விட முக்கியம், வீட்டை எந்த நாளில் கொடுத்தீர்கள் என்பதற்கான ஆதாரம். சாவி கொடுத்த செய்தி, டெப்பாசிட் திரும்பி வந்த வங்கி வரி, புதிய வீட்டின் வாடகை ஒப்பந்தம் எல்லாம் உதவும். பழைய ஒப்பந்தம் முத்திரை வரி கட்டாமல் கிடந்தால் 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதைச் சாட்சியமாக ஏற்கவிடாமல் குறுக்கே நிற்கும். அபராதத்தோடு கட்டி முத்திரையிட்ட பிறகு கொடுங்கள். வங்கிக் கணக்கறிக்கையை வீட்டில் அச்சிட்டதாக இல்லாமல், கிளையின் முத்திரையும் கையெழுத்தும் உள்ளதாக 26 மாதத்துக்கும் வாங்குங்கள். பழைய மாதங்களை எடுத்துத் தர வங்கிக்குச் சில நாள் பிடிக்கலாம், கட்டணமும் கேட்கலாம். கடிதம் அனுப்பும் நாளிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மலாயில் எழுதக் கைவராவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே சொல்லி உதவி கேட்கலாம்.