கயிற்றைக் கையில் கொடுங்கள்

வணக்கம். என் மகள் இங்கே ஒரு கந்தோரில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். முதல் நாளே அதிகாரி ‘ஐ வில் ஷோ யூ த ரோப்ஸ்’ என்றாராம். வேலை பழக்குவேன் என்று பொருள், அது தெரியும். கயிறு எங்கிருந்து வந்தது? இதையெல்லாம் பள்ளியில் பாடமாக வைக்கலாமே? மாதம் ஒன்றாகியும் அவர் எதையும் காட்டவில்லை என்று மகள் குறைப்படுகிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை.
ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள ஐயா,

கப்பலிலிருந்து வந்தது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது. நாடகத் திரைக் கயிறு என்பவர்களும் உண்டு, அதை விடுங்கள். பாய்க்கப்பலில் பாயை ஏற்ற ஒரு கயிறு, திருப்ப ஒன்று, சுருட்ட ஒன்று என்று ஏராளம். எல்லாம் ஓரச்சுவரை ஒட்டி முளைகளில் வரிசையாகக் கட்டிக்கிடக்கும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நடுச்சாமத்தில், மழையில், தடவியே சரியானதை அவிழ்க்கவேண்டும். நம் ஊர் திருகோணமலையின் பெயரோடு 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் மிதக்கிறது, மூன்று பாய்மரம். அதில் ஏறிய புதுப் பையனுக்கு யாரும் காட்டிக்கொடுக்காவிட்டால், அவன் எத்தனை மாதம் பொறுமையாக நின்றால்தான் என்ன விளங்கும்?

பொறுமை இல்லையாம்! ஐயா, காட்டுகிறேன் என்றவர் காட்டவில்லை. நீங்கள் பிள்ளையைக் குறை சொல்கிறீர்கள். ‘பார்த்துப் பழகட்டும்’ என்று சொல்லிவிட்டுத் தொழிலை மடியில் கட்டிக்கொள்ளும் பெரியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், அவர்களுக்கு வக்காலத்து வாங்கும் அப்பாமாரையும்.

பள்ளி விடுமுறையில் சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதை வேடிக்கை பார்க்கப் போவேன். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணி மீன் தப்பிவிடும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் ஒருநாள் “என்னடா பார்க்கிறாய், வா” என்று கடைசி ஆளுக்குப் பின்னால் நிறுத்தி, வந்து விழும் கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றச் சொன்னார். முறுக்கு விழுந்தால் மண்டையில் ஒரு குட்டு, அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பிவிடுவார். ஈரக் கயிற்று மணல் உள்ளங்கையை உரித்துவிட்டது. வலை கரைக்கு வருவதற்குள் கை தானாகத் திரும்பத் தொடங்கியது, அவரும் அடுத்த பக்கம் போய்விட்டார்.

மகளிடம் நாளைக்கே அந்த அதிகாரியின் மேசைக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

பாடமாக வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது என் வேலை இல்லை.