பள்ளத்தாக்கு எது, சமவெளி எது? பிள்ளைக்கு ஊரையே காட்டுங்கள்

கேள்வி: மகன் படிவம் ஒன்றில் (இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டு) படிக்கிறான். பள்ளத்தாக்கு, சமவெளி, இயற்கை வளம், மக்கள் அடர்த்தி என்று எல்லா விளக்கத்தையும் ஒப்பிக்கிறான். படத்தைக் காட்டிக் கேட்டால் விழிக்கிறான். நான் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டுவரைதான் படித்தேன். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
- வாசகி, சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

பதில்: நீங்கள் படித்தது தாராளமாகப் போதும், சகோதரி. புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வைக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தைப் பார்த்தாலும், "இங்கே மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?" என்று கேளுங்கள்.

ஈப்போவுக்குப் போகும்போது கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலைத்தொடர். இரண்டு பக்கமும் இறங்கும் தண்ணீர் நடுவிலுள்ள கிந்தா ஆற்றில் சேர்கிறது. அந்த நடு நிலம்தான் பள்ளத்தாக்கு. உங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் பிளஸ் ஆறு பேராக் ஆற்றில் கலந்து, பாகான் டத்தோ அருகே கடலுக்குப் போகிறது. அங்கே நிலம் தட்டை, ஓட்டமும் மெதுவு. ஆறு சுமந்து வந்த வண்டல் படிந்துவிடும். அது கடலோரச் சமவெளி.

அடுத்து, சம உயரக் கோட்டுப் படம். ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கோடு போட்டு இணைத்த படம் அது. கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்து. கோடு 'வி' வடிவில் வளைந்து, அதன் கூர்முனை உயரமான பக்கம் பார்த்தால் பள்ளத்தாக்கு; தாழ்ந்த பக்கம் பார்த்தால் மலையிலிருந்து நீண்டுவரும் முகடு. பையன்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரு மாலை முழுவதும் இதையே வரையச் சொன்னாலும் தகும்.

அப்புறம் இயற்கை வளம். மனிதன் வருவதற்கு முன்பே இருந்ததா என்று கேட்கட்டும். ஈயம் (வெள்ளீயம்) இருந்தது. மலைப்பாறை சிதைந்து, அதிலிருந்த ஈயத் தாதை ஆறுகள் பள்ளத்தாக்கில் கொண்டுவந்து சேர்த்தன. தோண்டி எடுத்தால் திரும்ப வராது. ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய ஈயக்குட்டைகளைக் காட்டினால் 'புதுப்பிக்க முடியாத வளம்' என்பதை மறக்கமாட்டான்.

பால்மரம், அதாவது ரப்பர் மரம், முன்பே இங்கே இருந்ததல்ல. அதன் விதை 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குப் போய், கன்றாகி, 1877இல் சிங்கப்பூர் வழியாகக் கோலகங்சார் வந்தது. ஆரம்ப கால மரம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. பக்கம்தானே, அழைத்துப் போங்கள். மண், மழை, வெயில் ஆகியவை இயற்கை வளம். அவற்றை வைத்து நாம் நட்டு எடுப்பது விளைபொருள். எண்ணெய் எடுக்கும் செம்பனையும் அப்படித்தான், அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. பாடநூல் இவற்றை விவசாய வளம் என்று பிரித்திருந்தால், தேர்வில் அப்படியே எழுதட்டும்.

மக்கள் அடர்த்தி வெறும் வகுத்தல் கணக்கு. நம் பேராக் மாநிலத்தின் பரப்பு ஏறக்குறைய 21,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள் சுமார் 25 லட்சம். வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 119 பேர் அளவில் வரும். ஆனால் கிரிக் பக்கக் காட்டில் அத்தனை பேர் இல்லை, ஈப்போவில் அதைவிட எத்தனையோ மடங்கு. அந்த ஏற்றத்தாழ்வுக்குப் பெயர்தான் மக்கள் பரவல்.

இடப்பெயர்வுக்குப் புத்தகமே வேண்டாம். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வாழ்ந்த உறவினர் யாரிடமாவது, தோட்டத்தை விட்டு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) ஏன் வந்தார்கள் என்று மகனையே கேட்கச் சொல்லுங்கள். தோட்டம் துண்டாடப்பட்டது, ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் ஆள் குறைந்தது போன்றவை தள்ளும் காரணங்கள். டவுனில் ஆலை வேலை, பள்ளிக்கூடம், சொந்த வீடு போன்றவை இழுக்கும் காரணங்கள். கேட்டதை இரண்டு பத்தியாகப் பிரித்து அவனே எழுதட்டும்.