கொல்கத்தால பேச்சுத்துணைக்கு ஆள் வேணுமா?

ஆபீஸ் ட்ரெயினிங்குக்கு கொல்கத்தா வந்து தனியா மாட்டிக்கிட்டேன், சாயங்காலம் ஆனா ரூம்ல மொபைலும் கையுமா உக்காந்திருக்கேன், பெங்காலி தெரியாது ஹிந்தியும் அரைகுறைன்னு எழுதியிருந்தீங்க. அட, வாயடிக்கிறதுக்கு அந்த ஊர விட்டா வேற ஊர் ஏதுங்க!

சனிக்கிழமை சாயங்காலம் காலேஜ் ஸ்ட்ரீட் இந்தியன் காபி ஹவுஸுக்கு போங்க, பழைய ஆல்பர்ட் ஹால் கட்டடத்துல மாடில இருக்கு, கூட்டம் இருக்கும், ஆனா அதான் நமக்கு வசதி, எங்கயாவது ஒரு சேர் காலியா இருந்தா கேட்டுட்டு உக்காந்து இன்ஃப்யூஷன் சொல்லுங்க (பால் இல்லாத கடுங்காப்பி, கசக்கும்), அப்புறம் எதிர்ல இருக்கவர்கிட்ட ஃபுட்பால்ல நீங்க எந்த டீம், மோகன் பகானா ஈஸ்ட் பெங்காலான்னு மட்டும் கேளுங்க, பக்கத்து டேபிளும் சண்டைக்கு சேந்துக்கும். இங்கிலீஷே போதும்.

உங்கள மாதிரி வெளியூர்க்காரங்க வேணும்னா சட்டர் ஸ்ட்ரீட், இந்தியன் மியூசியத்த ஒட்டி. பேக்பேக்கர்ஸ் தங்குற ஏரியா, டீக்கடைல நின்னாலே பேச்சு வந்துரும். ஆனா தானா வந்து ஒட்டிக்கிட்டு கடைக்கு கூட்டிட்டு போறேன்னு சொல்றவன மட்டும் கழட்டி விட்ருங்க.

தமிழ் கேக்காம காது காஞ்சு போச்சுன்னா லேக் மார்க்கெட் பக்கம் ஒரு ரவுண்டு போங்க, நம்மாளுங்க ரொம்ப வருஷமா இருக்கற இடம், மெட்ரோல காளிகாட்ல இறங்கினா பக்கம்தான்.